நெல்லின் பெயரும் நஞ்சின் பெயரும்

(பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இயற்கை உழவர்களின் தமிழ் குறித்துப் பேசுமாறு மன்றத்தார் என்னைப் பணித்தார்கள். நான் வேளாண் அறிஞன் அல்லேன். என் வாழ்நாளில் ஒரு நாற்றுமுடியைக்கூட நான் நட்டதில்லை. ஆயினும், ஒரு தொழிலைச் செய்வோர் அத்தொழிலின் பொருள்களுக்கு என்ன பெயர் வைக்கிறார்கள், அப்பெயர் அவர்களை என்ன செய்ய வைக்கிறது என்னும் வினா மொழியியலுக்குள் வருவது. அந்த வாயில் வழியாகவே இன்று நுழைகிறேன்.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். அச்சொல் 'மருந்து'.

நான் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். என் தாயார் முதலில் பால்மரம் சீவினார். பழைய மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோது அவரைப் புல்லுக்கு மருந்தடிக்கும் கூட்டத்தில் சேர்த்தார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போவார். "மருந்தடிக்கப் போறேன்டா, சோறு அடுப்பு மேல இருக்கு" என்பது நான் பள்ளிக்குப் புறப்படும் முன் நாள்தோறும் கேட்ட வாசகம். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு பழந்துணியைச் சுற்றிக்கொண்டு, மரத்தடி ஒவ்வொன்றிலும் வட்டமாக அடித்துக்கொண்டே போவார்கள். நாளடைவில் அம்மாவின் விரல் நகங்கள் நிறம் மாறி உதிர்ந்தன. மூக்கிலிருந்து இரத்தம் வழிந்த நாள்களும் உண்டு. அண்டை வீட்டார் கேட்டால் அவர் சொன்ன மறுமொழி ஒன்றே: "மருந்து எனக்கு ஒத்துக்கல."

இத்தொடரைப் பல ஆண்டுகள் கழித்து, மொழியியல் படித்த பிறகே, நான் உண்மையில் கேட்டேன். ஒரு சொல் தனியே வருவதில்லை. தன்னோடு சேரும் சொற்களையும் அழைத்துக்கொண்டு வருகிறது. 'மருந்து' என்றால் உண்ணலாம், தடவலாம், கட்டலாம். அது பலிக்கும், அல்லது ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் குறை மருந்தில் இல்லை, உடம்பில்தான். 'நஞ்சு' என்னும் சொல்லை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். 'நஞ்சு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று எந்தத் தமிழரும் சொல்லமாட்டார். என் தாயார் தம் உடம்பின்மீதே பழியைப் போட்டுக்கொண்டதற்கு அவருடைய பணிவு மட்டும் காரணம் அன்று. அவர் கையில் இருந்த சொல் வேறு எதையும் சொல்ல இடம் தரவில்லை.

அதே தோட்டத்தில் வேலை செய்த மலாய்க்காரர்கள் அதே நீர்மத்தை 'ராச்சுன்' என்றார்கள். அவர்கள் மொழியில் அதற்கு நஞ்சு என்றே பொருள். ஒரே தகரம், ஒரே வாடை, இரண்டு பெயர்கள். இதனால் மலாய்மொழி தமிழைவிட விழிப்பான மொழி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கொசுவர்த்திக்கு அவர்கள் வழங்கும் பெயர் 'ஊபாட் ஞாமோக்'. ஊபாட் என்றால் மருந்து. எல்லா மொழிகளும் எங்கோ ஓரிடத்தில் கண்ணை மூடிக்கொள்கின்றன.

அந்தக் களைக்கொல்லியின் வேதிப்பெயர் பாராகுவாட். 2002இல் தெனாகனித்தா என்னும் அமைப்பும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் தோட்டத்து மருந்தடிக்கும் பெண்களின் உடல்நலம் பற்றி ஓர் ஆய்வு நூல் வெளியிட்டன. அவ்வாண்டிலேயே அரசு அதை விலக்க முனைந்தது. 2006இல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. முழுத்தடை 2020 சனவரி முதல் நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. அம்மா அதைக் காணவில்லை.

தமிழ்நாட்டு உழவர்களும் இதே சொல்லைத்தான் வழங்கினார்கள். பூச்சி மருந்து, மருந்துக் கடை, மருந்தடித்தல் எல்லாம் ஊரெங்கும் புழங்கும் சொற்களே. அச்சொல்லை ஏற்க மறுத்தவர்கள் சிலர் அங்கே தோன்றினார்கள். அவர்களுள் முதன்மையானவர் கோ. நம்மாழ்வார். 1938இல் தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்றவர். 1960களில் கோவில்பட்டி வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றினார். வானம் பார்த்த நிலத்து ஏழை உழவருக்கு எட்டாத இடுபொருள்களை வைத்து நடக்கும் ஆய்வு அவருக்கு எப்படிப் பயன்படும் என்று கேட்டு, அரசு வேலையைத் துறந்தார். பின்னர் ஊர் ஊராக நடந்தார். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்து உப்பேறிய வயல்களை மீட்கும் பணியில் நின்றார். கரூர் மாவட்டத்துக் கடவூர்ப் பகுதியில் 'வானகம்' என்னும் பயிற்சிப் பண்ணையை உருவாக்கினார். 2013 திசம்பர் 30இல் காலமானார்.

நம்மாழ்வாரை ஒரு சொல்லாக்க அறிஞராக யாரும் எண்ணுவதில்லை. நான் எண்ணுகிறேன். அவரும் அவரைச் சூழ்ந்த உழவர்களும் 'மருந்து' என்பதை விலக்கி 'நஞ்சு' என்றார்கள். அதோடு நின்றிருந்தால் அது வெறும் வசை. அவர்கள் அடுத்த அடியையும் எடுத்து வைத்தார்கள். பூச்சிக்கொல்லி இருந்த இடத்தில் 'பூச்சிவிரட்டி'யை வைத்தார்கள். ஆடு மாடு வாய் வைக்காத இலை, ஒடித்தால் பால் வடியும் இலை, நாவில் கசக்கும் இலை என்று தேர்ந்து, வேம்பு, நொச்சி, எருக்கு, ஆடாதொடை போன்றவற்றை இடித்து, மாட்டுச் சிறுநீரில் ஊறவைத்து, நீர் கலந்து தெளிப்பது அது. கொல்லி, விரட்டி இரண்டும் ஒரே இலக்கண வாய்பாட்டில் அமைந்தவை. வினையடியோடு இகர விகுதி சேர்ந்து செய்பவரையோ கருவியையோ குறிக்கும். விகுதி மாறவில்லை, வினை மாறியிருக்கிறது. வினை மாறியதும் உழவரின் வேலையும் மாறிவிடுகிறது. கொல்ல வேண்டுமானால் எந்தப் பூச்சி என்று பார்க்க வேண்டியதில்லை. விரட்ட வேண்டுமானால் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தாக வேண்டும். இவர்களின் பயிற்சிகளில் 'சைவப் பூச்சி', 'அசைவப் பூச்சி' என்னும் இரண்டு சொற்கள் வழங்குகின்றன. இலையைத் தின்பது சைவம். இலையைத் தின்னும் பூச்சியைத் தின்பது அசைவம். பொறிவண்டு அசைவம், ஆகவே அது நம் பக்கம். கல்லூரியில் ஒரு பருவம் முழுதும் கற்பிக்க வேண்டிய செய்தி, உணவு விடுதிப் பலகையிலிருந்து எடுத்த இரண்டு சொற்களில் அடங்கிவிட்டது.

உரம் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். 'எரு' பழைய சொல். 'உரம்' என்பதற்கு வலிமை என்பதே முதற்பொருள். நிலத்துக்கு வலிமை தருவதால் உரம் ஆயிற்று. மண்ணில் சேரும் மூன்று முதன்மைச் சத்துகளுக்குத் தமிழில் அமைந்த பெயர்கள் மிக அழகானவை. நைட்ரசனுக்குத் தழைச்சத்து, பாசுபரசுக்கு மணிச்சத்து, பொட்டாசியத்துக்குச் சாம்பல்சத்து. தழை வளர்க்கும், மணி பிடிக்கச் செய்யும், சாம்பலில் கிடைக்கும் என்று ஒவ்வொரு பெயரும் ஒரு செய்தியைச் சொல்கிறது. கலைச்சொல் ஆக்குவோர் இம்மூன்றையும் பாடமாக வைக்கலாம். நம் அறிவியல் பாடநூல்களில் இவை ஏன் இன்னும் நன்கு வேரூன்றவில்லை என்பது எனக்குள்ள ஒரு சிறு மனக்குறை.

இவர்கள் செய்யும் வேளாண்மையின் பெயருக்கே வருவோம். உலகெங்கும் இன்று பேசப்படுவது, மண்ணின் வளத்தை உறிஞ்சாமல் ஆண்டுக்கு ஆண்டு கூட்டித் தரும் வேளாண்மை. அதற்கு 'மீளுருவாக்க வேளாண்மை' என்னும் சொல்லைச் சில கட்டுரைகளில் காண்கிறேன். சொல் பிழையில்லை, ஆனால் எதை மீளுருவாக்குகிறோம் என்று அது சொல்லவில்லை. தமிழ்நாட்டு அரசு 2023இல் வெளியிட்ட கொள்கைக்கு 'அங்கக வேளாண்மைக் கொள்கை' என்று பெயர். இலங்கைத் தமிழர் 'சேதனப் பசளை' என்பர். கரிம வேளாண்மை, உயிர்ம வேளாண்மை என்போரும் உளர். இத்தனைக்கும் நடுவே உழவர் வாயில் நிலைத்தது 'இயற்கை வேளாண்மை' ஒன்றுதான். வேளாண்மை என்பதற்குத் திருக்குறளில் உதவி, விருந்து பேணல் என்பது பொருள். தொழிலைப் பற்றிய அதிகாரத்துக்கு வள்ளுவர் வைத்த பெயர் 'உழவு'. பிறருக்கு உதவுதல் என்ற பொருளில் இருந்த சொல் பின்னாளில் பயிர்த்தொழிலைக் குறிக்க வந்தது.

பெயர் எதுவானாலும் செயலுக்குரிய சொற்கள் மண்ணோடு ஒட்டியவை. நிலத்தை வெயிலுக்குக் காட்டாமல் இலைதழையால் போர்த்துவது 'மூடாக்கு'. தானியம், பயறு, எண்ணெய்வித்து எனப் பலவற்றைக் கலந்து விதைத்து, பூக்கும் பருவத்தில் அப்படியே மண்ணுக்குள் உழுதுவிடுவது 'பலதானிய விதைப்பு'. தக்கைப்பூண்டு, சணப்பை, கொளுஞ்சி இவற்றை மட்டும் விதைத்து உழுதால் அது 'பசுந்தாள் உரம்'. அவ்வாறு உழுவதை 'மடக்கி உழுதல்' என்பர். நாம் தாளை மடக்குகிறோம். அவர்கள் ஒரு வயலையே மடக்குகிறார்கள்.

இந்நாட்டு ரப்பர்த் தோட்டங்களிலும் இளமரங்களுக்கு நடுவே பியூரேரியா, கலப்பகோனியம் முதலிய அவரைக்குடும்பக் கொடிகளை மூடுபயிராக வளர்த்தார்கள். மண்ணரிப்பைத் தடுக்கவும் தழைச்சத்தைச் சேர்க்கவும் அவை உதவும் என்று துரைமார் அறிந்திருந்தார்கள். ஆக, மண்ணைப் பேணும் அறிவு தோட்டத்தில் இல்லாமல் இல்லை. அந்த அறிவு அலுவலகத்தில் இருந்தது. கொடியின்மீது நடந்தவர்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.

இனி நெல்லுக்கு வருகிறேன். இன்றைய பேச்சின் நடுப்பகுதி இதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் திருவாரூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் முதிய உழவர் ஒருவரைச் சந்தித்தேன். திண்ணையில் சிறு சிறு துணிப்பைகளில் விதைநெல் வைத்திருந்தார். "ஐயா, இது என்ன நெல்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போனேன். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருங்குறுவை, தூயமல்லி, காட்டுயானம், குழியடிச்சான், மடுமுழுங்கி, உவர்முண்டான், அறுபதாம் குறுவை. சிறிது நேரத்தில் அவர் என் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தார். "பேர மட்டும் எழுதிக்கிட்டா போதுங்களா? எந்த நெலத்துக்கு, எந்த மாசத்துக்குன்னு எழுதலியே" என்றார். நான் அடைப்பில் எழுத வேண்டியதில்லை என்று நினைத்திருந்த செய்திகள் அவை. பிறகு பார்த்தால், பாதிச் செய்தி பெயருக்குள்ளேயே இருந்தது.

உவர்முண்டான் உவர்நிலத்தில் முண்டி எழுவது. மடுமுழுங்கி வெள்ளம் தேங்கிய ஆழமான இடத்திலும் அந்த மடுவை விழுங்கிக்கொண்டு மேலே வருவது. அறுபதாம் குறுவை அறுபது நாள் பயிர். குறுவை என்னும் சொல்லிலேயே குறுமை இருக்கிறது. சம்பா என்றால் நீண்டகாலப் பயிர், மழைக்காலப் பருவத்துக்குரியது. கருங்குறுவையின் உமி கருமை. காட்டுயானம் ஆளுயரத்துக்கு மேல் வளரும். உள்ளே யானை நின்றாலும் தெரியாது என்பது உழவர் தரும் விளக்கம். மாப்பிள்ளைச் சம்பா உண்டவன்தான் ஊரார் முன் இளவட்டக்கல்லைத் தூக்க முடியும் என்பர். இவற்றை வெறும் பெயர்ச்சொற்கள் என்று வகைப்படுத்திவிட்டுப் போகலாம். மொழியியலாளன் கண்ணுக்கு இவை சுருக்கப்பட்ட வாக்கியங்கள். எழுவாய் உண்டு, செயப்படுபொருள் உண்டு, வினை உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் தம் பேரனுக்கு விட்டுச் சென்ற சாகுபடிக் கையேடு அது.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். குழியடிச்சான், மடுமுழுங்கி ஆகிய பெயர்களைக் கண்டதும் நம் கை சிவப்பு மையைத் தேடும். அடிச்சான் பேச்சுவழக்கு, அடித்தான் என்று இருக்க வேண்டும். முழுங்கி கொச்சை, விழுங்கி என்று இருக்க வேண்டும். ஒரு பதிப்பாளர் அவ்வாறே திருத்தி அச்சிட்ட பட்டியலை நான் பார்த்திருக்கிறேன். அப்பட்டியலை எடுத்துக்கொண்டு காவிரிப் படுகையின் கடைமடைக்குப் போய் 'குழியடித்தான் விதை வேண்டும்' என்று கேட்டுப் பாருங்கள். செந்தமிழ் நடையில் எனக்கு உயிர். இந்தக் கட்டுரையே அதற்குச் சான்று. எனினும் பெயரைத் திருத்தும் உரிமை பெயர் வைத்தவருக்கே உண்டு.

தூய்மைவாதத்துக்கு இன்னொரு சோதனையும் இருக்கிறது. கருப்புக் கவுனியை மரபு நெல்லின் மணிமகுடமாக இன்று போற்றுகிறோம். பர்மாவுக்குச் சென்ற நகரத்தார் வழியாகச் செட்டிநாட்டுக்கு வந்த அரிசி அது என்பர். பர்மிய மொழியில் ஒட்டரிசிக்குக் 'கௌக்ஞின்' என்று பெயர். கவுனி அதன் திரிபு என்று கொள்வதே பொருத்தம். நம் ஊர்ச் சந்தையில் 'பூலுட் ஹீத்தாம்' என்று விற்கும் கருப்பு ஒட்டரிசிக்கு அது உறவு. மரபு என்று நாம் சொல்வதிலும் கப்பலேறி வந்தவை உண்டு.

1960களில் இப்பெயர்களின் இடத்தை எண்கள் பிடித்தன. 1966இல் பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.ஆர்.8 நெல்லை வெளியிட்டது. ஐ.ஆர்.20, ஆடுதுறை 43 என்று அடுத்தடுத்து வந்தன. நிலையத்தின் பெயர், அதன்பின் ஓர் எண். இந்நெல்கள் பசியைத் தணித்தன என்பதை மறுப்பவன் நான் அல்லேன். உயரமாக வளரும் பழைய நெல் உரமிட்டால் சாய்ந்துவிடும். குட்டை நெல் சாயாமல் கூடுதல் விளைச்சல் தந்தது. அது மெய். ஆனால் ஆடுதுறை 43 என்னும் பெயரிலிருந்து ஓர் உழவரின் பேரன் எந்த மண், எந்தப் பருவம் என்று அறிந்துகொள்ள முடியாது. அவன் ஓர் அலுவலரைக் கேட்க வேண்டும். அல்லது கடைக்காரரைக் கேட்க வேண்டும்.

எண் பெறாமல் பெயர் பெற்ற புதுநெல் ஒன்று உண்டு. அதைப் பற்றி இந்த நாட்டில் பேசாமல் வேறெங்கே பேசுவது? நம் வீடுகளில் விரும்பி வாங்கும் பொன்னி அரிசியைச் சொல்கிறேன். பொன்னி காவிரியின் பெயர். ஆகவே அது தஞ்சைத் தரணியில் பிறந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அதன் வழிமுறையைப் பார்த்தால், 1965இல் மலேசியாவில் வெளியிடப்பட்ட மாசூரி நெல் அதன் மூலம். மாசூரியோ தைவானின் தைச்சுங் 65, இந்த மண்ணின் மாயாங் எபோஸ் 80 ஆகிய இரண்டையும் இணைத்துப் பெற்றது. மாயாங் என்றால் மலாய்மொழியில் பனைவகை மரங்களின் பூம்பாளை. மாசூரி, வீண்பழி சுமத்தப்பட்டு உயிர்நீத்த லங்காவிப் பெண்ணின் பெயர். அந்நெல் தமிழ்நாட்டுக்குச் சென்று பொன்னி ஆயிற்று. 1986இல் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னியை வெளியிட்டது. 'இந்தியப் பொன்னி' என்று எழுதிய மூட்டையில் நமக்குத் திரும்பி வருவது பாதி நம் ஊர்ப் பிள்ளை.

பழைய நெல்களை மீட்டவர்களுக்குத் திரும்புகிறேன். திருவாரூர் மாவட்டத்து ஆதிரெங்கத்தில் செயல்பட்டவர் ஜெயராமன். நம்மாழ்வாரோடு நடந்து, பழைய நெல் வித்துகளைத் தேடித் திரட்டியவர். 170க்கும் மேற்பட்ட வகைகளை மீட்டார். ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தி, வரும் உழவர்க்கு இரண்டு கிலோ விதை கொடுத்தார். விலை இல்லை. அடுத்த ஆண்டு அதே வகையை நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அது மற்ற இருவருக்குப் போகும். 2018 திசம்பர் 6இல் அவர் மறைந்தபோது நாடே அவரை 'நெல்' ஜெயராமன் என்று குறிப்பிட்டது. புலவர், கலைஞர், டாக்டர் என்பனவெல்லாம் தமிழில் பெயருக்கு முன் வரும். ஒரு தானியம் பட்டமாகப் பெயருக்கு முன் வந்ததற்கு வேறு எடுத்துக்காட்டு என் நினைவுக்கு வரவில்லை.

அந்த இரண்டு கிலோ முறையை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. பிலிப்பைன்சு நிறுவனத்தின் விதைக் கருவூலத்தில் 1,30,000க்கு மேற்பட்ட நெல் மாதிரிகள் குளிரில் உறங்குகின்றன. அது பெரும்பணி. இருந்தாலும் அங்கிருக்கும் விதை, வைத்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். ஆதிரெங்கத்து விதை ஒவ்வோர் ஆண்டும் ஒரு புதிய வெள்ளத்தையும் ஒரு புதிய வறட்சியையும் சந்தித்துவிட்டு வரும். நம் அகராதிகளும் குளிர்க்கிடங்குகளே. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை எடுத்து நெல்லின் பெயர்களைத் தேடுங்கள். பல பெயர்கள் கிடைக்கும். பொருள் என்ன என்று பார்த்தால் 'நெல்வகை' என்று இருக்கும், அவ்வளவுதான். பள்ளு நூல்களில் நெல்லின் பெயர்கள் அடுக்கடுக்காக வருகின்றன. உரையாசிரியர்களும் பெரும்பாலும் 'இவை நெல்வகைகள்' என்று எழுதிவிட்டு நகர்கிறார்கள். நானும் அவ்வாறே பாடம் நடத்தியவன். திருவாரூர்த் திண்ணையில் அந்தப் பெரியவர் என்னைக் கேட்ட கேள்வி, அகராதியைக் கேட்ட கேள்வியும்தான்.

எல்லாவற்றையும் புகழ்ந்துவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. மீண்டு வந்த பெயர்கள் இன்று கடைத்தெருவுக்கும் வந்துவிட்டன. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் கருப்புக் கவுனிப் பொட்டலங்கள் நல்ல விலைக்குப் போகின்றன. 'அரசர்கள் மட்டுமே உண்ட அரிசி', 'நீரிழிவைப் போக்கும் அரிசி' என்று அவற்றின்மீது அச்சிடுகிறார்கள். நிலத்தையும் பருவத்தையும் சொல்லிக்கொண்டிருந்த பெயர், நோயையும் பெருமையையும் சொல்லத் தொடங்கிவிட்டது. நீரிழிவுக்கு மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்று: இலங்கையில் 2021 மே மாதம் செயற்கை உர இறக்குமதியை ஒரே ஆணையில் தடை செய்தார்கள். விளைச்சல் வீழ்ந்தது, உழவர்கள் தெருவுக்கு வந்தார்கள், நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். சேதனப் பசளை என்னும் சொல் அரசிதழில் இருந்தது. அதைச் செய்யும் பழக்கமும், அதற்கு வேண்டிய எருவும், மண் தேறுவதற்கு வேண்டிய ஆண்டுகளும் வயலில் இல்லை. நம்மாழ்வார் வாழ்நாள் முழுதும் நடந்ததை ஓர் ஆணையால் கடக்க முடியவில்லை.

கடைசியாக நம் தோட்டங்களுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 'தோட்டம்' என்றால் கிணற்று நீர் பாயும் நிலம். உரியவர் காய்கறியோ வாழையோ வைத்திருப்பார். மலாயாவுக்கு வந்ததும் அச்சொல் ஆயிரம் ஏக்கர் ரப்பரையும் லயத்தையும் பெரட்டுக் களத்தையும் குறிக்கலாயிற்று. தலைமுறைகளாக மண்ணில் வேலை செய்தோம். உண்ணும் நெல்லை நாம் விளைவிக்கவில்லை. அதனால் நம் பேச்சில் உளி, வாளி, மங்கு, ஒட்டுப்பால் என்பன செழித்தன. நாற்றங்கால், வரப்பு, மடை, தாளடி என்பன பாட்டிமாரோடு போயின. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது முன்னைய சொற்களும் போகத் தொடங்கின. என் மாணவர் பலருக்கு 'மங்கு' என்றால் இப்போது உணவுக் கிண்ணம் மட்டுமே.

ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நம் தமிழ்ப்பள்ளிகளில் பல இன்னும் பழைய தோட்ட நிலத்திலேயே நிற்கின்றன. சிலவற்றில் ஆசிரியர்கள் காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டுகளாக இயற்கை உழவை இப்பள்ளிகளுக்குக் கொண்டுசெல்கிறது. தமிழ்நாட்டார் 'நுகர்வோர்' என்பதை நாம் 'பயனீட்டாளர்' என்கிறோம் என்பதை மாணவர்கள் கவனிக்கலாம். இப்பள்ளித் தோட்டங்களில் பஞ்சகவ்யமும் அமுதக் கரைசலும் பேசப்படுகின்றன. அறிவியல் பாடத்தில் உப்புக் கரைசலையும் சர்க்கரைக் கரைசலையும் மனப்பாடம் செய்த பிள்ளைகள், அதே சொல்லைக் கையில் வாளியோடு வழங்குவதைக் கேட்பது எனக்கு மகிழ்ச்சி தந்தது.

அவ்வாறான ஒரு பள்ளிக்குச் சென்ற ஆண்டு போயிருந்தேன். வெண்டைப் பாத்தியருகே ஒரு போத்தலில் வேப்பிலையும் பூண்டும் ஊறிய நீர் இருந்தது. நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி அதன்மீது தாள் ஒட்டி, கோணல் எழுத்தில் 'பூச்சி மருந்து' என்று எழுதியிருந்தாள். அவளுடைய பாட்டி சொன்ன பெயராம். ஆசிரியை என்னைப் பார்த்து, "சரியாக எழுதியிருக்கிறாளா, ஐயா?" என்று கேட்டார். ஒற்று மிகாமல் எழுதியிருந்ததைத்தான் அவர் கேட்டார் என்று நினைக்கிறேன். நான் என் தாயாரின் நகங்களை நினைத்துக்கொண்டு நின்றேன். அதற்குள் பக்கத்தில் நின்ற சிறுவன் ஒருவன் முந்திக்கொண்டான். "மருந்துன்னா, பூச்சிக்கு உடம்பு சரியில்லையா டீச்சர்?"

எல்லாரும் சிரித்தோம். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. சிறிது நேரம் யோசித்தாள். "பூச்சி இத மோந்தா ஓடிப்போயிரும்" என்று அவனுக்கு விளக்கினாள். அப்படியானால் அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன். நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. தாளைக் கிழித்துவிட்டு, இன்னொரு தாளில் 'பூச்சி வெரட்டி' என்று எழுதி ஒட்டினாள். ஆசிரியை வெகரத்தைத் திருத்தக் கையெடுத்தார். நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம் என்று நான் கேட்டுக்கொண்டேன்.